ஒரே வரியில் பதினோராயிரம் புற்கள்

(தாவரவியல் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகரந்த ஆய்வுக்கூடங்களில் எண்ணிக்கைத் தாள் என்று ஒன்று உண்டு. ஏரியடிச் சேற்றிலும் மலைச் சதுப்பில் செடிகள் மக்கி உண்டான பீட் மண்ணிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இன்ன செடியுடையது என்று அந்தத் தாளில் கோடு போட்டுக்கொண்டே போவோம். நீலகிரிச் சேற்றை எண்ணினால் நாவல் வகைக்கு ஒரு வரி, காட்டுப்பூவரசுக்கு ஒரு வரி, காசித்தும்பை இனங்களுக்கு ஒரு வரி என்று தாள் நீளும். புல்லுக்கு மட்டும் ஒரே வரி. ‘போயேசி’ என்று குடும்பப் பெயரை எழுதி, அதன் எதிரே கோடுகளை அடுக்குவோம். புல்வெளிப் பகுதி மாதிரிகளில் மொத்த எண்ணிக்கையின் பெரும்பங்கு அந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடும். மளிகைக் கணக்கில் பாதிச் செலவை ‘இதர சாமான்கள்’ என்று எழுதிவைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன புரியும்? நம் நிலையும் அதுதான்.

அந்த ஒரு வரிக்குள் 11,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கியிருக்கின்றன. அறுகும் மூங்கிலும், நெல்லும் நாணலும், தினையும் கரும்பும், ஆடுமாடு மேயும் கொழுக்கட்டைப்புல்லும், தண்ணீர்ப் பானையில் போடுகிற வெட்டிவேரும் எல்லாம் புல் குடும்பம்தான். குளிர்ந்த மலையுச்சியில் வளர்கிற புல்லும், கொளுத்தும் வெயிலில் தழைக்கிற புல்லும், மனிதன் விதைத்த பயிரும், அவன் களையென்று பிடுங்கி எறிந்ததும் ஒரே பெயரில் பதிவாகின்றன. இவற்றைப் பிரித்தறிய முடிந்தால் பழைய நிலத்தைப் பற்றியும் இன்று நாம் மூச்சுவிடும் காற்றைப் பற்றியும் நமக்குத் தெரியவருவது பல மடங்கு கூடும். அதற்கு என்ன தடை, அந்தத் தடையை இன்றைய நுண்ணோக்கிகள் எவ்வளவு தூரம் தாண்டியிருக்கின்றன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். அந்தக் கருவிகளால் செய்ய முடியாத ஒரு வேலை நம்மிடம் மிச்சம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மைதானத்து அறுகில் பூத்திருக்கும் கதிர் ஒன்றைப் பறித்து வாருங்கள். நான்கைந்து கிளைகளாகப் பிரிந்திருக்கும் அந்தக் கதிரில், மெல்லிய இழைகளின் நுனியில் மகரந்தப் பைகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பூவுக்கு மூன்று பைகள். நெல்லுக்கு ஆறு. மூங்கில்களிலும் பலவற்றுக்கு ஆறு. கதிரைக் கண்ணாடி ஸ்லைடின் மேல் பிடித்து ஊசியால் மெல்லத் தட்டினால் தூள் விழும். பேசிக் ஃபுக்சின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியில் சிறு துண்டை அதன் மேல் வைத்து, லேசாகச் சூடு காட்டி உருக்கி, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். பிறகு 40 மடங்கு லென்சுக்குப் போங்கள்.

இளஞ்சிவப்பில் உருண்டையான துகள்கள் தெரியும். குறுக்களவு ஏறத்தாழ 30 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துகளை உருட்டுவதற்குக் கவர் ஸ்லிப்பை ஊசிமுனையால் மெல்லத் தொடுங்கள். ஏதோ ஒரு பக்கத்தில் சிறிய வட்டத் துளை ஒன்று திரும்பி வரும். துளையைச் சுற்றித் தடித்த வளையம் இருக்கும். துளையின் நடுவே மிகச் சிறிய மூடி ஒன்று மிதப்பதுபோல் அமர்ந்திருக்கும். சூல்முடியில் போய் விழுந்ததும் மகரந்தக் குழாய் இந்த மூடியைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். ஒரே துளை, அதைச் சுற்றி வளையம், நடுவில் மூடி: இது இருந்தால் புல் என்று முதலாமாண்டு மாணவரும் சொல்லிவிடலாம்.

இப்போது அதேபோல் நெல்லுக்கு ஒரு ஸ்லைடு செய்யுங்கள். உருண்டை, ஒரு துளை, வளையம், மூடி. கம்புக்குச் செய்யுங்கள். அதுவும் அப்படியே. மக்காச்சோளம் மட்டும் 80, 100 மைக்ரான் என்று பெரிதாக இருந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவற்றை அருகருகே வைத்துப் பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டால், எது எதுவென்று அனுபவசாலியும் தயங்குவார்.

பூச்சிகளை நம்பியிருக்கும் செடிகளின் மகரந்தத்தில் முள்ளும் வரிப்பும் வலைப்பின்னலும் எண்ணெய்ப் பசையும் தாராளமாக இருக்கும். செம்பருத்தி மகரந்தத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். புல் நம்பியிருப்பது காற்றை. காற்றில் மிதக்கத் துகள் சிறியதாக, உலர்ந்ததாக, ஒன்றோடொன்று ஒட்டாததாக இருக்க வேண்டும். குடும்பம் ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரே ஏற்பாட்டோடு நிற்பதால்தான் வெளித்தோற்றம் இத்தனை ஒற்றுமையாக இருக்கிறது.

ஆனால் மேற்பரப்பு வெறும் வழவழப்பல்ல. மகரந்தத்தின் புறவுறை ஸ்போரோபொலினின் என்ற பொருளால் ஆனது. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் இவ்வளவு உறுதியானது வேறு அரிது. சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் எர்ட்மன் வகுத்த அசெட்டோலிசிஸ் முறையில், ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்து மகரந்தத்தைச் சூடாக்குவோம். உள்ளிருக்கும் உயிர்ப்பொருளும் மாவுச்சத்தும் அகவுறையும் கரைந்துபோகும். புறவுறை பொன்னிறத்தில் மிஞ்சும். இந்தக் கலவையை மூடிய புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே எந்த மாணவரும் தொடக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே அது சீறும்.

அப்படிச் சுத்தமாக்கிய துகளை எண்ணெய் லென்சில், ஆயிரம் மடங்கில் வைத்து, நுண்திருகை மெல்ல மெல்லத் திருப்புங்கள். குவியம் மேற்பரப்பைத் தொடும்போது வெளிர்ப்புள்ளிகள் தெரியும். திருகைக் கொஞ்சம் இறக்கினால் அதே புள்ளிகள் கருத்துவிடும். அவை மேற்பரப்பிலிருந்து எழும்பி நிற்கும் மிகச் சிறிய முட்கள். அவற்றுக்குக் கீழே கூரையும், கூரையைத் தாங்கும் நுண்தூண்களும் இருக்கின்றன. சில புற்களில் முட்கள் தனித்தனியே சீராகத் தூவியிருக்கும். சிலவற்றில் மேற்பரப்பு நுண்ணிய வாய்க்கால்களால் சிறுசிறு திட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு திட்டிலும் இரண்டு மூன்று முட்கள் கூடி நிற்கும். திட்டின் அளவு, முட்களின் நெருக்கம், தூண்களின் வரிசை ஆகியவை இனத்துக்கு இனம் மாறுகின்றன. நாம் தேடும் அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

அதைப் பார்க்க விடாமல் தடுப்பது ஒளியின் இயல்பு. எவ்வளவு நல்ல லென்ஸ் ஆனாலும், ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் தனித்தனியே காட்ட முடியாது என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873-இல் நிறுவினார். புல் மகரந்தத்தின் முள்ளும் இடைவெளியும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. ஏதோ இருக்கிறது என்பது தெரிகிறது. என்ன ஒழுங்கில் இருக்கிறது என்பது கலங்கிவிடுகிறது.

அதனால் முன்னோர்கள் அளவை நம்பினார்கள். 1937-இல் ஃபிரான்ஸ் ஃபிர்பாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், தானியப் பயிர்களின் மகரந்தம் காட்டுப்புற்களுடையதைவிடப் பெரியது என்பதை வைத்து ஐரோப்பிய வேளாண்மையின் தொடக்கத்தைத் தேடும் வழியைக் காட்டினார். 40 மைக்ரானை ஒட்டி ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் தானியம், கீழே காட்டுப்புல் என்று எண்ணினார்கள். துளையைச் சுற்றிய வளையத்தின் குறுக்களவும் பின்னர் சேர்ந்துகொண்டது. கோதுமைக்கும் பார்லிக்கும் இது ஓரளவு கைகொடுத்தது. ஆனால் நீர்நிலையோரத்திலும் கடற்கரை மணலிலும் வளரும் சில காட்டுப்புற்கள் கோட்டைத் தாண்டிப் பெரிதாக இருக்கின்றன. கிளிசரின் ஜெல்லியில் வைத்த துகள் நாள்பட ஊதிப் பெருக்கும். சிலிக்கோன் எண்ணெயில் வைத்ததை ஜெல்லியில் வைத்ததோடு ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடக் கூடாது.

நம் நாட்டுக்கு அந்தக் கோடு அறவே பொருந்தாது என்பது என் கருத்து. நெல் மகரந்தத்தின் அளவும் காட்டுப்புற்களின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தினை, சாமை போன்ற சிறுதானியங்களின் மகரந்தம் காட்டுப்புல்லின் அளவுதான். தக்காணத்தின் தொல்வேளாண்மை பெரிதும் சிறுதானியங்களையும் பயறுகளையும் நம்பியது என்பது அகழாய்வில் கிடைத்த கருகிய விதைகளால் தெரிந்ததே தவிர, மகரந்தத்தால் அல்ல. ஐரோப்பாவில் வகுத்த அளவுகோலை இங்கே வைத்துக்கொண்டு, பெரிய துகள் கிடைக்கவில்லை, ஆகவே பயிர் இல்லை என்று எழுதுவது தவறு.

இந்த ஒரு வரிக் கணக்கு எவ்வளவு பெரிய கேள்விகளைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது என்பதற்கு நீலகிரியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்ற இடத்தில் சதுப்பு இருக்கிறது. அதன் பீட் மண் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தாவர வரலாற்றை அடுக்கடுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. நீலகிரியின் மேல்மட்டத்தில் மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் கலந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புல்வெளி இயற்கையானதா, அல்லது காட்டை எரித்தும் மேய்த்தும் மனிதன் உண்டாக்கியதா என்று நெடுநாளாக வாதம் நடந்தது. இது வெறும் ஏட்டு வாதமல்ல. பிரிட்டிஷ் ஆட்சி அந்தப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதியது. தரிசென்று எழுதிய இடத்தில் சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் நடுவதற்குத் தயக்கம் வரவில்லை. இன்று அந்தப் புல்வெளியில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்.

விஷ்ணு மித்ரேயும் குப்தாவும் 1971-இலும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. வசந்தி 1988-இலும் வெளியிட்ட மகரந்த ஆய்வுகள், நீலகிரிப் புல்வெளி மிகப் பழமையானது என்பதைக் காட்டின. உழவும் மேய்ச்சலும் மலையேறுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. அது தரிசல்ல என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கேள்வி உடனே வருகிறது. எந்தப் புல்? ஒளிச்சேர்க்கை நடத்தும் விதத்தில் புற்கள் இரண்டு வகை. குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் ஏற்றவை சி3 வகை; வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்றவை பெரும்பாலும் சி4 வகை. நீலகிரியில் இரண்டும் உண்டு. எந்தக் காலத்தில் எது ஓங்கியது என்று தெரிந்தால் பருவமழையின் வரலாறு தெரியும். மகரந்தத் தாளிலோ இரண்டும் ஒரே வரி.

1993-இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் நால்வரும் நேச்சர் இதழில் இதற்கு வேறொரு வழியில் விடை தந்தார்கள். சி3 செடியின் உடலில் கார்பன்-13 அணு குறைவாகவும், சி4 செடியின் உடலில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். பீட் மண்ணின் கார்பனை அளந்து, 20,000 ஆண்டுகளில் ஈரக் காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வந்த வரலாற்றை அவர்கள் எழுதினார்கள். தென்னிந்தியத் தட்பவெப்ப வரலாற்றில் அது மைல்கல். இருந்தாலும் பீட் என்பது கோரையும் பாசியும் புல்லும் சேர்ந்து மக்கிய கலவை. சரிவில் நின்ற புல் எது என்று தனியே கேட்க, அந்தப் புல்லின் மகரந்தத்திடம்தான் போக வேண்டும்.

ஒற்றைத் துகளை எரித்து அதன் கார்பனை அளக்கும் முறை 2000-களில் கைகூடியது. சி3-யா, சி4-ஆ என்பதை அது சொல்லிவிடும். ஆனால் துகள் சாம்பலாகிவிடும். எரிப்பதற்கு முன் அதன் உருவத்தை முழுவதுமாகப் பதிவுசெய்துகொள்ளாவிட்டால், அது எந்த இனம் என்று பிறகு யாரும் கேட்க முடியாது. பழைய துகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். 1965-இல் கேம்பிரிட்ஜ் நிறுவனமொன்று ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றை என்பதால் ஆபேயின் எல்லை அங்கே குறுக்கே நிற்காது. முட்களும் திட்டுகளும் வாய்க்கால்களும் துல்லியமாகத் தெரிந்தன. அதை முதன்முதலில் பார்த்த தலைமுறையின் மகிழ்ச்சியை நான் என் ஆசிரியர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் துகளுக்குத் தங்கப்பூச்சு இட வேண்டும், வெற்றிடத்தில் வைக்க வேண்டும். மேற்பரப்பு மட்டும்தான் தெரியும்; கூரைக்குக் கீழே தூண்கள் எப்படி நிற்கின்றன என்பது தெரியாது. ஸ்லைடில் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. நூற்றுக்கணக்கான துகளை எண்ணவேண்டிய வேலைக்கு அது ஒத்துவராது.

கான்ஃபோகல் நுண்ணோக்கி வேறு வழியில் வந்தது. மகரந்தப் புறவுறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. லேசர் ஒளி பட்டால் சாயம் எதுவும் இல்லாமலே அது தானாக ஒளிரும். அந்த ஒளிர்வில் ஒரே ஒரு தளத்திலிருந்து வருவதை மட்டும் நுண்துளை வழியே வாங்கி, மேலிருந்து கீழாகத் தளம் தளமாகப் படமெடுத்து அடுக்கினால், துகளின் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிடும். துகளை உடைக்க வேண்டாம், ஸ்லைடைத் திறக்கவும் வேண்டாம்.

அடுத்து வந்தவை ஆபேயின் எல்லையையே தாண்டும் ஒளி நுண்ணோக்கிகள். 2014-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான் போனது. மகரந்தத்துக்குப் பயன்படுபவை முக்கியமாக இரண்டு. வரிவரியான ஒளியைத் துகளின் மேல் பல கோணங்களில் வீழ்த்தி, கிடைக்கும் படங்களிலிருந்து மறைந்திருக்கும் நுணுக்கத்தைக் கணக்கிட்டு எடுப்பது ஒன்று. ஏறத்தாழ 100 நானோமீட்டர் வரை அது இறங்கும். ஆனால் தடித்து ஒளியைச் சிதறடிக்கும் துகள்களில் தடுமாறும். மற்றொன்று ஏரிஸ்கேன். கான்ஃபோகலின் ஒற்றை உணரிக்குப் பதிலாக 32 உணரிகளை வட்டமாக அடுக்கி, வீணாகிக்கொண்டிருந்த ஒளியையும் திரட்டிக் கூர்மையாக்குவது அது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சுரங்கி புன்யசேனா குழுவினர் இவ்விரண்டையும் மகரந்தத்தில் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். மகரந்தம் படிக்கிற மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை அது. புதைபடிவ ஸ்லைடை, கவர் ஸ்லிப்பைக்கூட அகற்றாமல், எலெக்ட்ரான் நுண்ணோக்கியை நெருங்கும் தெளிவில் பார்க்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. சாண்டிநல்லாவின் பழைய ஸ்லைடுகளை நினைத்துப் பாருங்கள்.

படம் தெளிவாகிவிட்டால் இனம் தெரிந்துவிடுமா? லூக் மாண்டரும் புன்யசேனாவும் மற்றவர்களும் 2013-இல் 12 புல் இனங்களின் மகரந்த எலெக்ட்ரான் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, மேற்பரப்பின் இழையமைப்பை எண்களாக்கி வகைப்படுத்தச் செய்தார்கள். 77.5 விழுக்காடு சரியாக வந்தது. அடுத்த ஆண்டு இத்தகைய படங்களை மனிதர்களிடம் கொடுத்தார்கள். சரியாகச் சொன்ன அளவு ஆளுக்கு ஆள் ஏறத்தாழ 47-லிருந்து 88 விழுக்காடு வரை மாறியது. இந்த எண்களைப் பார்த்து மனம் தளர்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. முன்பு ஒரே வரியில் கிடந்த 12 புற்களின் துகள்களில், பத்தில் ஏழெட்டைப் பெயர் சொல்லி எடுக்க முடிகிறது என்பது பெரிய தாவல்.

அதன்பின் ஆழ்கற்றல் முறைகள் வந்துவிட்டன. புன்யசேனா குழு 2020-இல் அவரைக் குடும்பத்தின் புதைபடிவ மகரந்தத்தை ஏரிஸ்கேனில் படமெடுத்து, நரம்பு வலைப்பின்னல் முறையால் அவை இன்றைய எந்தப் பேரினங்களுக்கு நெருக்கம் என்று காட்டினார்கள். புல்லிலும் அதே பாதையில் வேலை நடக்கிறது.

புற்களைப் பிரித்தறிவதில் உடல்நலம் தொடர்பான பக்கம் ஒன்றும் இருக்கிறது. மான்செஸ்டரில் மருத்துவராக இருந்த சார்லஸ் பிளாக்லி, கோடைக் காலத்துத் தும்மலுக்கும் இழுப்புக்கும் புல் மகரந்தம்தான் காரணம் என்று தன் உடம்பிலேயே சோதித்து 1873-இல் நூலாக வெளியிட்டார். பட்டத்தில் பசை தடவிய தகட்டைக் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டவர் அவர். அவரே அந்த நோயால் அவதிப்பட்டவர் என்பதால் அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 2016 நவம்பர் 21 மாலை மெல்போர்ன் நகரில் இடிப்புயல் வீசியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் அதில் முக்கியக் காரணம். முழுத் துகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் நுண்குழாய்க்குள் போகாது. ஆனால் ஈரம் பட்டு வெடித்தால் ஒரு துகளிலிருந்து ஏறத்தாழ 700 மாவுச்சத்து மணிகள் வெளியே வரும் என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 1992-இலேயே கண்டிருந்தார்கள். அவை மூன்று மைக்ரானுக்கும் சிறியவை, ஒவ்வாமைப் புரதத்தைச் சுமப்பவை.

எல்லாப் புல்லிலும் ஒரே ஒவ்வாமைப் புரதங்கள் இருப்பதில்லை. ரைகிராசில் இருக்கும் ஐந்தாம் தொகுதி ஒவ்வாமைப் புரதம் நம் அறுகில் இல்லை. குளிர்நாட்டுப் புல்லின் சாற்றை வைத்து அறுகும் கொழுக்கட்டைப்புல்லும் பூக்கும் ஊரில் ஒருவருக்குச் சோதனை செய்தால் விடை சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 1952-இல் ஹர்ஸ்ட் வடிவமைத்த காற்றுப்பொறியின் வழித்தோன்றல்கள் இன்றும் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சி, மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும் பசைநாடாவில் மகரந்தத்தைப் படியவைக்கின்றன. அந்த நாடாவை எண்ணுபவரின் தாளிலும் புல்லுக்கு ஒரே வரிதான். பிரிட்டனில் காற்றிலிருந்த டி.என்.ஏ.வைப் படித்து, பருவத்தின் தொடக்கத்தில் சில புற்களும் பின்னால் வேறு புற்களும் பறப்பதை 2019-இல் காட்டினார்கள். டி.என்.ஏ. எந்தப் புல் என்று சொல்கிறது. எத்தனை துகள், முழுதா உடைந்ததா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

மிச்சமிருக்கும் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். இத்தனை கருவிகளும் ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கின்றன. தெரியாத துகளை, தெரிந்த துகளோடு ஒப்பிட வேண்டும். கணினிக்குப் பாடம் சொல்லும் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர், உலர்தாவரத் தொகுப்பான ஹெர்பேரியத்தில் ஒட்டிவைத்த ஒரு புல்லைப் பார்த்து ஒரு மனிதர் எழுதியது. அவர் தவறாக எழுதியிருந்தால் இயந்திரமும் அதே தவறைத் தயங்காமல் திரும்பச் சொல்லும்.

இந்த அடித்தளம் நமக்கு இல்லாமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பல்லாயிரம் ஸ்லைடுகள் கொண்ட மகரந்தத் தொகுப்பு இருக்கிறது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. உலகெங்கும் வெளியான மகரந்த வடிவ ஆய்வுகளுக்கு அட்டவணை தொகுத்துக் கொடுத்தவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு அப்போது வயது 48. அதற்கும் முன்னே, 1921-இல், கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புற்களுக்குக் கையேடு எழுதினார். உமிச்செதிலையும் பூச்செதிலையும் ஊசியால் பிரித்துப் படம் போட்டுக் காட்டிய நூல் அது. நீலகிரிச் சதுப்பில் வளர்ந்து, தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் புல் குறைந்துகொண்டே வருகிறது.

புல்லைக் கையில் வாங்கிப் பெயர் சொல்லக்கூடியவர்களும் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். பூ பெரிதாக, வண்ணமாக இருக்கும் செடிகளுக்கு மாணவர்கள் கிடைக்கிறார்கள், புல்லுக்குக் கிடைப்பதில்லை. சில கோடி ரூபாய் நுண்ணோக்கி வாங்க நிதி கேட்டால் பேச்சு நடக்கிறது. ஹெர்பேரியத்துக்கு இரும்பு அலமாரியும் ஈரம் போக்கும் வசதியும் கேட்டால் அந்தத் தாள் மேசையிலேயே கிடக்கிறது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே இங்கே இருக்கும் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள புற்களைப் பூக்கும் பருவத்தில் சேகரியுங்கள். தெரிந்தவர்களிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்து, ஹெர்பேரியத் தாளில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டொரு மகரந்தப் பையை எடுத்து ஸ்லைடு செய்து, தாளின் எண்ணையும் இடத்தையும் தேதியையும் சேகரித்தவர் பெயரையும் ஸ்லைடின் மேலேயே எழுதுங்கள். எந்த ஊடகத்தில் வைத்தீர்கள் என்பதையும் எழுத மறக்காதீர்கள். ஏரிஸ்கேன் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. அது இருக்கிற இடத்துக்கு ஸ்லைடு போகலாம். படம் திரும்பி வரலாம். பெயர் சரியாக உள்ள ஸ்லைடு மட்டும் வேறு எங்கிருந்தும் வராது. அதை நாம்தான் செய்ய வேண்டும். அடுத்த மழைக்காலம் முடிந்து புற்கள் கதிர் விடும்போது தொடங்குங்கள்.